நீலப்பூத் தட்டும் ஒத்தைக் கொலுசும்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு ஊர்ல, ஒரு அம்மாவும் ஒரு மகனும் இருந்தாங்க. ம் கொட்டணும், சரியா? நீ ம் சொல்ற வரைக்கும்தான் கதை நடக்கும்.

ம். அப்படித்தான்.

அம்மா பேரு சம்மனசு. மகன் பேரு இன்னாசி. அவனுக்கு ஐஸ் கம்பெனியில வேலை. பெரிய பெரிய ஐஸ் பாளத்தை டக்கு டக்குன்னு உடைச்சு மீன் பெட்டியில கொட்டணும். ஆனா அவன் மனசு ஐஸ்ல இல்ல. காத்தடிச்சு ஓய்ஞ்சா போதும், குனிஞ்ச தலை நிமிராம கரையோரமா நடப்பான். கடல் என்னத்தை ஒதுக்கிப் போட்டிருக்குன்னு பாப்பான். ஒரு நாள் துருப்பிடிச்ச ஆணி கெடைக்கும், ஒரு நாள் யாரோ தொலைச்ச பல்செட்டு கெடைக்கும். எல்லாத்தையும் கொண்டாந்து கட்டிலுக்கடியில அடுக்கிருவான். ஊர்ல அவனுக்குப் ‘புதையல் இன்னாசி’ன்னே பேரு.

கேலிதான். ஆனா அந்தப் பேரு அவனுக்குப் பிடிக்கும். ஏன்னா அதுக்கு முன்னாடி அவனுக்கு வேற பேரு இருந்துச்சு. ‘ஓடிப்போனவன் மவன்.’

யாரு ஓடிப்போனதுன்னு கேக்குறியா? அவங்கப்பா.

இன்னாசி தொட்டில்ல கெடந்தப்போ, அவங்கப்பா ஒரு தோணிக்குத் தண்டலா இருந்தாரு. தண்டல்னா தோணியை நடத்திட்டுப் போறவரு. பாய் விரிச்சுக் கொழும்புக்குப் போவாரு, சரக்கை எறக்குவாரு, திரும்பி வருவாரு. கடைசித் தடவை கெளம்புறப்போ சம்மனசு வாசல்ல நின்னு வெளையாட்டா ஒண்ணு சொன்னா. “நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. இந்தத் தடவை அது இல்லாம வீட்டுப்படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்.” அவரு சிரிச்சுட்டே போனாரு.

அப்புறம் வரவே இல்ல.

அந்த வாரம் பெரிய புயல். ஹோ ஹோன்னு காத்து. ஊரே கோயிலுக்குள்ள போய் அடைஞ்சு கெடந்துச்சு, கடல் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. புயல்ல போயிருப்பாருன்னுதான் மொதல்ல சொன்னாங்க. ஆனா ஒரு பலகை ஒதுங்கல, ஒரு கயிறு ஒதுங்கல. அப்போ யாரோ அவரைக் கொழும்புல பாத்ததா ஒரு பேச்சு கெளம்புச்சு. தோணியை வித்துட்டாராம், கடை போட்டிருக்காராம், இன்னொரு குடும்பமாம். தோணிக்காரரு கஸ்பார் முதலாளிதான் அதைத் தெருத்தெருவா கத்தினாரு. “என் தோணியோட ஓடிட்டான்! நம்பிக் கொடுத்தேன், ஓடிட்டான்!”

சம்மனசுக்கு அன்னையிலேர்ந்து தூக்கம் சரியா கெடையாது. அவரு செத்துட்டாருன்னு நெனைச்சா நெஞ்சு அடைக்கும். உயிரோட இருக்காருன்னு நெனைச்சா, அப்போ ஏன் வரலன்னு நெஞ்சு எரியும். யாராவது “அவரு ஆத்துமாவுக்கு ஒரு பூசை வச்சிரு”ன்னா, “உயிரோட இருக்கிறவருக்கா?”ன்னு கேட்டு வாயை அடைச்சிருவா. ஆனா உள்ளுக்குள்ள ஒரு முள்ளு குத்திக்கிட்டே இருக்கும். தட்டு கெடைக்காமத்தான் மனுஷன் வரலையோ? படி ஏறாதன்னு சொன்ன வாயி இந்த வாயிதான?

ம்? முழிச்சிருக்கியா? சரி.

அப்புறம் வருஷம் எத்தனையோ போச்சு. இன்னாசிக்கு மீசை மொளைச்சுச்சு. ஒரு தடவை கச்சான் காத்து, அதான் மேக்கேர்ந்து வர்ற காத்து, கடுமையா அடிச்சு, கடலுக்கடியில மணலையெல்லாம் பொரட்டிப் போட்டுருச்சு. அப்போ பாத்து, கரைக்கு எதுத்தாப்புல, கூப்புடு தூரத்துல, வலை போட்டவங்க வலையெல்லாம் எதுலயோ மாட்டி டர்ர்ருன்னு கிழிஞ்சுச்சு. 

இன்னாசி துள்ளிக் குதிச்சான். “யம்மா, கீழ கப்பல் இருக்கு! பழைய பரங்கிக் கப்பல்! எந்தக் கப்பல்னு மட்டும் கண்டுபிடிச்சிட்டேன்னு வையி, அப்புறம் எவனும் என்னை ‘ஓடிப்போனவன் மவன்’னு கூப்புட மாட்டான்.”

சம்மனசு மீன் கழுவிக்கிட்டிருந்தா. கை அப்படியே நின்னு போச்சு. கரைக்கு இவ்வளவு பக்கத்துலயா?

அந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டாங்க. வள்ளமெல்லாம் சும்மாத்தான் கெடக்கும். கஸ்பார் முதலாளி தன்னோட வள்ளத்தைத் தர்றேன்னாரு. “ஆனா கெடைக்கிறதுல எனக்குப் பாதி. கயிறை நான்தான் புடிப்பேன். உங்க வம்சத்தை நம்பி இன்னொரு தடவை தனியா விடமாட்டேன்லே.” பாரேன், குசும்பை!

மொத ஞாயிறு. இன்னாசி இடுப்புல கயிறைக் கட்டி, கையில கல்லைப் புடிச்சுக்கிட்டு, தொபுக்கடீர்னு குதிச்சான். கரையில சம்மனசு நிக்கிறா. அவன் முங்கின உடனே இவளும் மூச்சைப் புடிச்சுக்கிட்டா. அவன் கீழ, இவ மேல, ரெண்டு பேருக்கும் மூச்சு இல்ல. அவ கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அப்போ புளிச்சுன்னு தண்ணியைத் துப்பிக்கிட்டு மேல வந்தான். அப்புறம்தான் இவ மூச்சை விட்டா.

கையில என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு தட்டு. சிப்பி ஒட்டிக் கெடக்கு. சுரண்டிப் பாத்தா, பீங்கான். நீலப்பூ.

“பாத்தியா, பரங்கிக்காரன் தின்ன தட்டு!”ன்னு இன்னாசி குதிக்கிறான்.

சம்மனசு அந்தப் பூவை விரலால தடவித் தடவிப் பாத்தா. ஆனா வாய் என்ன சொல்லுச்சு? “ஆமாலே. பரங்கித் தட்டு மாதிரிதான் இருக்கு.” அப்படிச் சொல்லிட்டு, தட்டை வீட்டுக்குள்ள மட்டும் விடல. “உள்ள கொண்டாராத. படிக்கு வெளிய வையி.”

“ஏம்மா?”

“கடல் சாமான். நாறும்.”

ரெண்டாவது ஞாயிறு. மறுபடி தொபுக்கடீர். மறுபடி இவ மூச்சைப் புடிச்சுக்கிட்டா. இந்தத் தடவை இன்னாசி ஒரு சாமானைக் கயித்துல கட்டி விட, கஸ்பார் முக்கி மொனகி இழுக்கிறாரு. வந்தது என்னங்கிற? அம்மிக்கல்லு!

இன்னாசி தலையைச் சொறியிறான். “மொதலாளி, பரங்கிக்காரன் அம்மியில அரைப்பானா?”

கஸ்பார் கொஞ்சம் யோசிச்சாரு. “கப்பல்ல நம்மூரு சமையக்காரன் இருந்திருப்பான்லே. எத்தனை நாள்தான் ரொட்டியையே திம்பாங்க? துவையல் கேட்டிருப்பான்.”

கரையில எல்லாரும் சிரிச்சாங்க. சம்மனசு சிரிக்கல. அன்னைக்கு வச்ச குழம்புல உப்பு போட மறந்துட்டா. இன்னாசி சாப்பிட்டுக்கிட்டே சொல்றான், “அடுத்த வாரம் பாய்மரத்தடியைத் தோண்டப் போறேம்மா. நம்ம தோணி கட்டுறப்போ மரத்தடியில முதலாளி காசு போடுவாருல்ல? அந்த மாதிரி பரங்கிக்காரனும் போட்டிருப்பான். பெரிய கப்பல், தங்கக்காசாத்தான் இருக்கும். அதுல ராஜா மூஞ்சி இருக்கும். எந்த ராஜா கப்பல்னு தெரிஞ்சுபோகும்.”

பாவம், உலகம் பூரா அவன் ஊரு வழக்கம்தான்னு நெனைச்சுட்டான்.

மூணாவது ஞாயிறு வந்துச்சு. வானம் ஒரு மாதிரி மங்கிக் கெடக்கு. வாடைக்காத்து எறங்கப் போகுது, எறங்கினா மணல் திரும்பக் கப்பலை மூடிரும். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். இன்னாசி வள்ளத்தைத் தள்ளுறான். அப்போ சம்மனசு சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு மளமளன்னு தண்ணிக்குள்ள எறங்கி, வள்ளத்துல ஏறி உக்காந்துட்டா.

கஸ்பார் பதறிட்டாரு. “ஏய் சம்மனசு! பொம்பளை வள்ளத்துல ஏறலாமா? ஆகாது தாயி, எறங்கு!”

“உம்ம தோணியில ஆம்பளைங்க மட்டும்தான ஏறினாங்க மொதலாளி? வந்து சேந்துச்சா?”

அவரு நகந்து எடம் விட்டாரு.

வள்ளம் அந்த எடத்துல போய் நின்னுச்சு. சளப் சளப்புன்னு அலை அடிக்குது. இன்னாசி கல்லை எடுத்துட்டான். அப்போ சம்மனசு அவன் கையைப் புடிச்சா.

“மக்கா, கீழ தங்கம் இருக்காது. வெள்ளி இருக்கும். உன் கால் கொலுசு.”

இன்னாசி முழிக்கிறான்.

“வீட்டுல டப்பாவுல ஒத்தைக் கொலுசு இருக்கே, இன்னொண்ணு எங்கன்னு சின்னதுல கேட்டு அழுவியே. தோணிக்குப் பாய்மரம் நடுற அன்னைக்கு முதலாளி காசு போட்டாரு. தண்டலும் தன் வீட்டுப் பொருள் ஒண்ணு போடணும், தோணிக்கு வீட்டு ஞாபகம் இருக்கணும்னு. உங்கப்பா உன் காலுலேர்ந்து கழட்டிப் போட்டாரு. தட்டைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்லே. சொல்ல வாய் வரல.”

இன்னாசி கல்லைத் தொப்புன்னு வள்ளத்துக்குள்ளயே போட்டுட்டான். “அப்போ நான் முங்க மாட்டேன். கொலுசு இருந்துச்சுன்னா அப்பா இல்லன்னு ஆயிரும்.”

“இல்லன்னா?”

இல்லன்னா ஊரு சொன்னது நெசமாயிரும்ல?

“ரெண்டுல ஒண்ணு தெரியட்டும்லே”ன்னா சம்மனசு. “இத்தனை வருஷம் ரெண்டையும் சுமந்தாச்சு. எனக்கு முடியல.”

அப்புறம் அவன் கல்லை எடுத்தான். கண்ணை மூடினான். தொபுக்கடீர்.

சம்மனசு மூச்சைப் புடிச்சுக்கிட்டா. கயிறை கஸ்பார் கையிலேர்ந்து புடுங்கித் தன் கையில சுத்திக்கிட்டா. கயிறு சரசரன்னு போகுது, போகுது, நின்னுருச்சு. மேல முட்டை முட்டையா குமிழி வருது, களுக் களுக்குன்னு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. ரெண்டு இழுப்பு இழுத்தா தூக்கணும்னு பேச்சு. இழுப்பைக் காணோம். காத்து எறங்குது. வள்ளம் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது.

“இழுத்துரு தாயி!” கஸ்பார் கத்துறாரு. “கை மாட்டிக்கிச்சோ என்னவோ, இழுத்துரு!”

மாட்டியிருந்தா, இழுத்தா கை போயிரும். மாட்டலன்னா, இழுக்காட்டி உயிரு போயிரும். என்ன பண்ணுவா அவ? ஒருத்தரைக் கொடுத்தாச்சு இந்த எடத்துல. இன்னொருத்தனுமா?

என்ன கண்ணு, நீயும் மூச்சைப் புடிச்சுக்கிட்டியா? விடு, விடு. வந்துருவான்.

விலுக். விலுக்.

ரெண்டு இழுப்பு! சம்மனசும் கஸ்பாரும் சேந்து இழுக்கிறாங்க, கை தோலு உரியுது, இழுக்கிறாங்க. புளிச்சுன்னு தலை மேல வந்துச்சு. வள்ளத்து விளிம்பைப் புடிச்சு, கொடகொடன்னு தண்ணியைக் கக்கி, உள்ள விழுந்தான். முழங்கையெல்லாம் சிப்பி கிழிச்சு ரத்தம். வலது கை மட்டும் இறுக்கி மூடியிருக்கு.

“தொறலே!”ங்கிறாரு கஸ்பார்.

“தொறக்காத”ன்னா சம்மனசு. அந்த மூடின கையை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. “கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”

அலை மட்டும் சளப் சளப்.

அப்புறம் அவளே ஒவ்வொரு விரலா நிமித்தினா. கறுத்துப் போன ஒரு சின்னக் கொலுசு. கொழந்தைக் காலு அளவு. அதோட ஒட்டிக்கிட்டு, பச்சையா பூத்த ஒரு செம்புக்காசு. கஸ்பார் அதை வாங்கி வேட்டியில தேச்சாரு. தேச்சாரு, தேச்சாரு. ஒரு சிலுவை தெரிஞ்சுச்சு. கத்தி முனையால கோணலா கீறின சிலுவை.

“நான் கீறினது”ன்னாரு. தலைப்பாகையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. “மரத்தடியில போட நான் கீறினது, சம்மனசு. ஓடலையா அவன்? வந்துக்கிட்டா இருந்தான்?”

“கரைக்கு வந்துட்டாரு”ன்னு சொன்னா சம்மனசு. “எல்லாரும் கோயிலுக்குள்ள இருந்தோம். யாரும் பாக்கல.” அப்புறம் அவரைப் பாத்துச் சொன்னா, “ஊருக்குள்ள போய் சொல்லுங்க மொதலாளி. அன்னைக்குக் கத்தினீங்கள்ல, அதே மாதிரி கத்திச் சொல்லணும்.”

கஸ்பார் சொன்னாரு. வெறுந்தலையோட, ஈர வேட்டியோட, தெருத்தெருவா போனாரு. “என் தண்டல் ஓடல! கேட்டுக்கோங்க! வந்துக்கிட்டிருந்தான்! வந்துக்கிட்டிருந்தான்!” தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னாரு.

சம்மனசு வீட்டுக்கு வந்தா. வாசப்படிக்கு வெளிய அந்தத் தட்டு அப்படியே இருக்கு. உக்காந்து, சாம்பலைப் போட்டுத் தேய் தேய்னு தேச்சா. சிப்பியெல்லாம் உதுந்து நீலப்பூ பளிச்சுன்னு வந்துருச்சு. டப்பாவைத் தொறந்து ஒத்தைக் கொலுசை எடுத்தாந்து, ரெண்டையும் அந்தத் தட்டுல வச்சா. அப்புறம் தட்டை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு எழுந்து நின்னா.

“வாங்க”ன்னு சொன்னா.

சொல்லிட்டு, படி ஏறி உள்ள கொண்டு போனா. உள்ள போய்த்தான் ‘ஓ’ன்னு அழுதா. இன்னாசி பக்கத்துல உக்காந்து அவ முதுகைத் தடவிக் கொடுத்தான். அழுது முடிச்சு ஒரு மூச்சு விட்டா பாரு, ஹூம்ம்ம்னு. அன்னைக்கு நல்லா தூங்கினா.

வாடைக்காத்து எறங்கி மணலு தோணியை மூடிருச்சு. தோணி கரை தொட்டாச்சு, கதையும் படி ஏறியாச்சு. நீயும் மூச்சை மெதுவா விட்டுட்டுத் தூங்கு, கண்ணு.

ம் சொல்ல வேணாம். தூங்கு.