இருபது மூச்சு

குருவுக்கு வயது இருபத்தொன்பது, சிஷ்யைக்கு நாற்பத்தாறு. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள்; செயற்கை நுண்ணறிவுத் தொழிலில் அப்படித்தான்.

சிஷ்யை புஷ்பராணி, பத்தொன்பது வருடம் வார்டில் நின்ற நர்ஸ். மூன்று மாத விடுப்பு எடுத்து குரு ஃபர்ஹானாவின் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்தவள். இன்று கடைசி நாள். வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பழையபடி வார்டு. கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கே இல்லை.

"கம்ப்யூட்டர் படிக்காதவ இதுல நுழைய முடியுமா மேடம்? ஒளிக்காம சொல்லுங்க."

ஃபர்ஹானா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"எந்த நோயாளிக்கு நிலைமை மோசமாகும்னு முன்கூட்டியே சொல்ற புரோகிராம், சிஸ்டர். மூச்சுத் திணறல் வர்றவங்களை மட்டும் கோட்டை விடுது. எஞ்சினியருங்க நாலு பேர் ரெண்டு வாரமா மண்டையை உடைச்சுக்கிறாங்க. ஏன்னு பாருங்க."

ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுகள். புஷ்பராணி ஆவலாகக் குனிந்தாள். நாடித்துடிப்பு ஆளுக்கு ஆள் மாறியது. ரத்த அழுத்தமும் மாறியது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற இடத்தில் மட்டும் இருபது, இருபது, இருபது. இறந்துபோனவருக்கும் முந்தின மணி வரை இருபது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"இது எண்ணினது இல்லை மேடம்."

"அப்புறம்?"

"மத்ததை மெஷின் காட்டிடும். மூச்சை எண்ண ஒரு நிமிஷம் முழுசா கட்டில் பக்கத்துல நிக்கணும். நாப்பது கட்டிலுக்கு ரெண்டு பேர். இருபதுன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க."

"போயிடுவாங்களா?"

தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்ற நேரம்.

"நானும் போட்டிருக்கேன்" என்றாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஃபர்ஹானா கையை நீட்டினாள். "எனக்கு எண்ணுங்க."

"முதல்ல நாடி பாத்துக்கறேன்."

மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுதாகப் போனது.

"பதினாலு."

"நாடி பதினாலா?"

"மூச்சு மேடம். எண்ணுறோம்னு தெரிஞ்சா ஆளுங்க மூச்சை மாத்திடுவாங்க. நாடி பாக்கறேன்னு சொல்லித்தான் எண்ணுவோம்."

ஃபர்ஹானா தன் கையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து அந்த நாலு பேரையும் கூப்பிட்டாள்.

"திங்கட்கிழமை எல்லாரும் செகண்டு முள் உள்ள வாட்ச் கட்டிட்டு வாங்க. சிஸ்டர் பாடம் எடுக்கறாங்க."