தணிகாசலத்தின் நெற்றி மரத்துப் போன கதை

கோணக்கரைக்காரர்களுக்கு மூளை மட்டு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்லித் திரிகிறார்கள். அது வெறும் பொறாமைப் பேச்சு. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள். சொல்கிறவர்கள் சரியாகச் சொல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான் தணிகாசலம். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணமாகவில்லை. நெருப்புப் பொறியைப் பார்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்ததில், புருவத்துக்கு நடுவே இரண்டு கோடு ஆழமாக விழுந்திருந்தது. ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன்தான். பார்த்தால் யாரையோ வெட்டக் கிளம்பியவன் மாதிரி இருப்பான். பக்கத்து ஊர்த் தையல்காரி பவளக்கொடி அவன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோபக்காரரை நேர்ல ஒரு தடவை பாத்துட்டுத்தான் பதில் சொல்வேன். அடுத்த மாசம் வர்றேன்" என்று சொல்லியனுப்பினாள். இதுவும் தட்டிப்போனால் இனி ஒரு பெண்ணும் வரமாட்டாள் என்று தணிகாசலத்துக்குத் தெரியும்.

டவுனில் தோல் டாக்டரம்மா ஒருவர் ஊசி போட்டு அந்தக் கோட்டை மறைத்துவிடுவாராம். ஆனால் ஊசி என்றாலே தணிகாசலத்துக்குக் குலை நடுங்கும். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த அன்று சுவரேறிக் குதித்தவன், அதோடு படிப்பையே நிறுத்திக்கொண்டான். அதனால் துணைக்கு அக்கா புருஷன் அங்கமுத்துவும் சித்தப்பா மகன் குழந்தைவேலுவும் கிளம்பினார்கள்.

நர்ஸ் அவன் நெற்றியில் வெள்ளையாக ஒரு க்ரீமை அப்பினாள். "முக்கால் மணி நேரம் இப்படியே இருங்க. நல்லா மரத்துப் போகணும். அப்புறம் கொஞ்சம் ஐஸ் வைங்க. வலியே தெரியாது" என்று சொல்லி, ஐஸ்கட்டிக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

"மரத்துப் போகணும்னா என்ன மாமா?" என்று கேட்டான் தணிகாசலம்.

அங்கமுத்து நன்றாக யோசித்தார். "மரத்துக்குப் போகணும்னு அர்த்தம். டவுன் பொண்ணு பாரு, அவசரத்துல 'க்கு'வை முழுங்கிட்டுது."

"இப்படியே இருங்கன்னும் சொல்லுச்சே. இருக்கிறதா, போறதா?" என்றான் குழந்தைவேலு.

"க்ரீம் எங்க போட்டிருக்கு? நெத்தியில. அப்ப நெத்தி போகணும், ஆளு இருக்கணும்."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புங்கமரம் நின்றது. தணிகாசலம் காலைப் படியிலேயே ஊன்றி, உடம்பை விறைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, நெற்றியை மட்டும் மரத்தில் முட்டுக்கொடுத்தான். ஏணியைச் சாத்தி வைத்தது போலிருந்தது. வழுக்கிவிடாதபடி குழந்தைவேலு அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

அங்கமுத்து கிண்ணத்திலிருந்த ஐஸ்கட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தொண்டையை நனைத்துக்கொண்டு, நெற்றிக்கு ஐஸ் வைக்க ஆரம்பித்தார்.

"இது நெத்தியா, அரண்மனை வாசலா? ஜில்லாவுல இப்படி ஒரு நெத்தி உண்டா? விபூதி பூசினா அரைப்படி வாங்கும். இந்த நெத்திக்கு இருக்கிற பெருந்தன்மை வேற எந்த நெத்திக்கு இருக்கு?"

"போதும் மாமா, எல்லாரும் பாக்குறாங்க" என்று மரத்தைப் பார்த்தபடியே வெட்கப்பட்டான் தணிகாசலம்.

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்ன, மரத்துப் போச்சா?" என்றார் டாக்டரம்மா.

"போயிட்டு வந்தாச்சுங்க."

நெற்றியில் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்கையும் இரண்டு எறும்பையும் டாக்டரம்மா துடைத்தெடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கோணக்கரைக்காரர்களுக்கு அவர் முன்பும் வைத்தியம் பார்த்திருக்கிறார். "வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று மட்டும் சொன்னார்.

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு பவளக்கொடியை நினைத்தான். வெகுநேரம் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. "எப்பங்கம்மா போடுவீங்க?" என்றான்.

"அஞ்சு ஊசி போட்டு முடிச்சாச்சு. எந்திரிங்க. ரெண்டு வாரத்துல கோடு போயிடும், நாலு மாசம் தாங்கும்."

வெளியே வந்ததும் குழந்தைவேலுவுக்கு ஒரு சந்தேகம். "அஞ்சு ஊசிக்கு உண்டான வலின்னு ஒண்ணு இருந்தே ஆகணும். அண்ணனுக்கு வரலை. அப்ப யாருக்குப் போச்சு?"

மூவரும் திரும்பி மரத்தைப் பார்த்தார்கள். பட்டையில் க்ரீம் அப்பிக் கிடந்தது.

"மரத்துக்குத்தான் போயிருக்கு" என்றார் அங்கமுத்து. அன்றிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் பவளக்கொடி வந்தாள். வழவழவென்றிருந்த நெற்றியைப் பார்த்ததும், "போட்டோவுல இருந்தது உங்க அண்ணனா?" என்று கேட்டுச் சிரித்தாள். பொய் சொல்லத் தெரியாத தணிகாசலம் நடந்ததையெல்லாம் சொன்னான். "என் வலியை ஒரு மரம் தாங்கிக்கிட்டு நிக்குதுங்க. அதை நெனச்சாத்தான் மனசு கேக்கலை."

வேறு பெண்ணாக இருந்தால் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருப்பாள். பவளக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த மரத்தை நான் பாக்கணும்" என்றாள்.

அங்கமுத்துவையும் குழந்தைவேலுவையும் சேர்த்து நான்கு பேராகப் பஸ் ஏறிப் போனார்கள். அவள் மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"வலிச்சா என்ன பண்ணச் சொன்னாங்க டாக்டரம்மா?"

"கையைத் தூக்கச் சொன்னாங்க."

பவளக்கொடி மேலே காட்டினாள். புங்கமரம் தன் கிளை அத்தனையையும் வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஒரு மாசமா தூக்கிக்கிட்டே நிக்குது. மூணு ஆம்பளைங்க இருந்தும் ஒருத்தர் கண்ணுலயும் படலையே" என்றாள். அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. ஆனா இது இவ்வளவு வலியில நிக்கும்போது நாம மேளம் கொட்டிக் கல்யாணம் பண்றது நல்லா இருக்காது. கையை இறக்கட்டும். இறக்கின மறுநாளே முகூர்த்தம்."

எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. முறை போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கமுத்து தினமும் வந்து மரத்துக்கு ஐஸ் வைத்துப் பார்க்கிறார். தணிகாசலத்துக்குக் கவலையில் நெற்றியைச் சுருக்க வேண்டும் போலிருக்கிறது. அது சுருங்குவேனா என்கிறது. போன வாரம் பெய்த மழைக்கு மரம் இன்னும் இரண்டு கையைத் தூக்கியிருக்கிறது.