அவிழ்த்த பொதி

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் முகங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கணக்கில் கண் வையுங்கள்.

சங்கரலிங்கம் அகல் விளக்கு வியாபாரி. அவன் கிடங்கில் பத்து விளக்குகளை வைக்கோலில் சுற்றிக் கட்டினால் ஒரு பொதி. பத்துப் பொதிகளை அடுக்கி வாய் தைத்தால் ஒரு கூடை. கிடங்குச் சாவி மனைவி வடிவிடம் இருந்தது. அது அவன் தங்கை ஆவுடைக்குப் பிடிக்கவில்லை.

அன்று மூன்று கூடைகளும் இரண்டு உதிரி விளக்குகளும் இருந்தன. தனிப் பொதி ஒன்றுகூட இல்லை. கோயிலுக்கு நூற்று நாற்பத்தேழு விளக்குகள் வேண்டுமென்று ஆள் வந்தார். வடிவு தனியாக எடுத்துக் கொடுத்தாள். கோயிலில் எண்ணிப் பார்த்து, சரியாக இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள்.

மாலையில் கிடங்குக் கதவுக்குப் பின்னால் கலைந்த வைக்கோலையும் அறுந்த கயிற்றையும் கண்ட ஆவுடை, அண்ணனை அழைத்துவந்தாள்.

"என்ன மதினி, பொதியை அவிழ்த்து யாருக்குக் கொடுத்தீங்க? உங்க அம்மா வீட்டுக்கா?"

"கோயிலுக்குத்தான். ஏழு உதிரி வேணும், இருந்தது ரெண்டு. ஒரு கூடையைப் பிரிச்சு, அதுல ஒரு பொதியை அவிழ்த்தேன்."

ஆவுடை தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். "பிரிச்ச கூடையில பத்துப் பொதி. ஒண்ணை அவிழ்த்ததால உதிரி பன்னிரண்டு. ஏழு போனா அஞ்சு. பத்துப் பொதியில நாலு போனா ஆறு. பிரிக்காத கூடை ரெண்டு. ஒண்ணு போனா ஒண்ணு. நூத்தி அறுபத்தஞ்சு இருக்கணும் அண்ணே!"

சங்கரலிங்கம் எண்ணினான். இருந்தவை நூற்று ஐம்பத்தைந்து.

மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். "பத்து விளக்கு பெரிசில்ல. உங்க வீட்டுல இருந்து கொண்டுவந்து வச்சிரு, பேச்சு முடிஞ்சுது. இல்லேன்னா சாவியைக் கொடு."

"எடுக்காததை எப்படி வைப்பேன்? வச்சா, எடுத்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

கேட்டவர்களே, யார் சொன்னது சரி? அந்தப் பத்து விளக்குகள் எங்கே போயின?

விடை: எங்கும் போகவில்லை. அவிழ்த்த பொதி உதிரியோடு சேர்ந்துவிட்டதால் மிஞ்சிய பொதிகள் ஒன்பதுதான். நாலு போனால் ஐந்து. ஆவுடை அதே பத்து விளக்குகளை உதிரியாக ஒருமுறையும் பொதியாக ஒருமுறையும் எண்ணிவிட்டாள். வடிவு சொன்னதே சரி. இது புரிந்ததும் சங்கரலிங்கம், "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான். அவள் அதை அவன் கையில் வைத்தாள். "அடுத்த தடவை குறைஞ்சாலும் முதல்ல எங்க அம்மா வீட்டுலதானே தேடுவீங்க?"