உடும்பின் வாலில் கட்டிய கொடி

காட்டு ஏரியின் கரையை அணில், முள்ளம்பன்றி, முயல் மூன்றும் காவல் காத்தன. மழைக்காலத்தில் கரையில் ஓட்டை விழுந்தால் அடைப்பதுதான் அவற்றின் வேலை. உடும்பு அவற்றுக்கு மேலதிகாரி.

கரை மிக நீளம். ஒரு கோடியில் ஓட்டை விழுந்தால் மறு கோடியில் இருப்பவருக்குத் தெரியாது. அதற்கு அணில் ஒரு வழி கண்டுபிடித்தது. நீண்ட கொடி ஒன்றைக் கரை நெடுக ஓடவிட்டு, ஒவ்வொருவர் இடத்திலும் காய்ந்த வாகை நெற்றுகளைக் கொத்தாகக் கட்டியது.

"யார் இழுத்தாலும் எல்லா இடத்திலும் கலகலக்கும். உடனே ஓடி வந்துவிட வேண்டும்!"

முதலில் இழுத்தது முயல்தான். அது வேலைக்குப் புதிது. ஓட்டையைக் கரையின் வெளிப்பக்கம் அடைத்துக்கொண்டிருந்தது. அணிலுடன் ஓடி வந்த முள்ளம்பன்றி சிரித்துவிட்டது.

"அட தங்கச்சி! இப்படி அடைத்தால் தண்ணீர் உன்னையும் சேர்த்துத் தள்ளிவிடும். உள்பக்கம் இறங்கு. கோரையைச் சுருட்டித் திணி. மேலே களிமண்ணை அப்பு!"

முயல் அப்படியே செய்தது. பின்னங்கால்களால் களிமண்ணை ஓங்கி உதைத்து இறுக்கியது.

"அடேயப்பா! இந்த உதை எனக்குத் தெரியாமல் போயிற்றே. இன்னொரு முறை காட்டு!" என்றது முள்ளம்பன்றி. மூன்றும் சேர்ந்து உதைத்துச் சிரித்தன.

சிரிப்பைக் கேட்டு உடும்பு வந்தது. "வேலை நேரத்தில் என்ன கும்மாளம்?"

"கற்றுக்கொள்கிறோம், உடும்பாரே!"

"கற்பதாக இருந்தால் என் வகுப்பில் கற்க வேண்டும்! கண்டவர்களும் இழுக்க, கண்டவர்களும் ஓடிவர, இது என்ன சந்தையா?"

நெற்றுகளை எல்லாம் பிய்த்து எறிந்தது. கொடியின் நுனியைத் தன் வாலில் கட்டிக்கொண்டது. "இனி யார் இழுத்தாலும் எனக்கு மட்டும் தெரியும். யார் போக வேண்டும் என்று நான் சொல்வேன்!"

"நீங்கள் தூங்கிவிட்டால்?" என்றது அணில்.

"வாயை மூடு!"

ஒரு பகல் பெருமழை கொட்டியது. வயிறு நிறையத் தின்றுவிட்டு உடும்பு மரப்பொந்தில் உறங்கியது. வால் வெடுக்கென்று இழுபட்டது.

"சே! நிம்மதியாகத் தூங்கவும் விடமாட்டார்கள்!" கொடியை வாலிலிருந்து கழற்றி ஒரு மரக்கட்டையில் கட்டியது. மறுபடி தூங்கிவிட்டது.

இழுத்தது முயல். கரைக்குக் கீழேதான் அதன் வளை. உள்ளே அதன் இரண்டு குட்டிகள் இருந்தன. வளைக்கு நேர் மேலே கரை திறந்துகொண்டது. முயல் கோரையைத் திணித்தது, களிமண்ணை உதைத்தது. ஒருவரால் ஆகிற காரியமாக இல்லை. மீண்டும் கொடியை இழுத்தது.

'இதோ, வந்துவிடுவார்கள்!' அந்த நம்பிக்கையில்தான் அது குட்டிகளிடம் ஓடாமல் முதுகைக் கொடுத்து ஓட்டையைத் தாங்கி நின்றது.

யாரும் வரவில்லை. கரை உடைந்தது.

முயல் வெள்ளத்தில் பாய்ந்து, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. இன்னொரு குட்டி கிடைக்கவே இல்லை.

கரை உடைந்த சத்தம் கேட்டு முள்ளம்பன்றியும் அணிலும் ஓடி வந்தன. உடும்பு கடைசியாக வந்தது. "நீ கொடியைச் சரியாக இழுத்திருக்க மாட்டாய். நாளைக் காலை எல்லோருக்கும் கொடி இழுக்கும் வகுப்பு!" என்றது.

"கொடியை மரக்கட்டையில் கட்டியது யார்? வரும் வழியில் பார்த்தேன்!" என்று கத்தியது அணில்.

முயல் உடும்பின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "நான் மரக்கட்டையையா கூப்பிட்டேன்? முள்ளம்பன்றி அண்ணன் அந்தப் பாறைக்கு அப்பால்தான் இருந்தார். நெற்று கலகலத்திருந்தால் வந்திருப்பார். என் குட்டி இருந்திருக்கும்!"

உடும்பு மெல்லப் பின்வாங்கியது.

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது. "கரையைவிட்டு இறங்கு! இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

உடும்பு இறங்கிப் போனது. மூன்றும் அந்த மழையிலேயே கரையை அடைத்தன. பிறகு நெற்றுகளைத் தேடியெடுத்துக் கொடியில் மறுபடி கட்டின. முதல் முடிச்சைப் போட்டது முயல்.

எல்லோரும் பேசிக் கற்று, கைகொடுத்து வாழ வந்த கருவியைத் தன் அதிகாரத்துக்காகப் பிடுங்கி வைத்துக்கொள்பவன், மற்றவர்களின் உயிரையே பிடுங்குகிறான்.