எலும்பில் முளைத்த இறகு

அரியலூர்ப் பக்கம் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் அமலோற்பவம். கோடிக்கணக்கான வருஷங்களாகக் கல்லுக்குள் கிடக்கும் எலும்பையும் சிப்பியையும் பற்றிப் படித்தவர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி, ஊருக்கு வெளியே, இரண்டு அறைகள் கொண்ட கட்டடத்தில் தனியாக வேலை பார்த்தார். ஓர் அறையின் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருக்கும். புற ஊதா விளக்கு அங்கேதான் இருந்தது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அது பட்டால் கல் சும்மா கிடக்கும், எலும்பு மட்டும் மங்கலாக ஒளிரும். வெயிலில் வைத்து ஒரு வருஷம் பார்த்தாலும் பிடிபடாதது அங்கே பிடிபட்டுவிடும்.

சீடர் தெய்வசிகாமணி. அதே சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் வெடி வைத்தவர். ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே மனைவி செங்கமலம் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் அறிவழகன் தோஹாவில் இருந்தான். வீட்டில் பேச ஆள் இல்லை. டிவியைப் போட்டால் அதுவே பேசிக்கொண்டிருந்தது, இவரைப் பேச விடவில்லை.

ஒருநாள் அமலோற்பவத்தின் வாசலில் வந்து நின்றார்.

“மேடம், நான் வெடி வெச்சு உடைச்சதுல இந்த மாதிரி எலும்பு எத்தனை போயிருக்கும்?”

அமலோற்பவம் உள்ளே போய் ஒரு சின்னத் தூரிகையும் ஒரு மண்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். சிகாமணி படியில் உட்கார்ந்து மாலை வரை தேய்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மறுநாளும் வந்தார். அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மதியம் ஆளுக்கொரு டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அமலோற்பவத்துக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டே பழக்கம். சிகாமணி வந்த பிறகும் அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. அவருக்கும் யாரும் இல்லை என்பது சிகாமணிக்கு அதிலிருந்து தெரிந்தது.

ஒருமுறை யாரோ ஒருவர் அழகான சுருள் சிப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். உடையாத, முழுச் சிப்பி. விளக்கின் கீழே வைத்தபோது அதில் பாதி வெள்ளை வெளேரென்று மின்னியது.

“இந்தப் பாதி மட்டும் ஏன் மேடம் இப்படி?”

“அது பசை. உடைஞ்சதை ஒட்டியிருக்காங்க.”

“அசலைவிட நல்லாத் தெரியுதே?”

“அதுதான் அடையாளம்,” என்றார் அமலோற்பவம்.

சிகாமணி தலையாட்டினார். பாடம் புரிந்துவிட்டது என்றுதான் குருவும் நினைத்தார்.

பங்குனி வெயிலில் ஓடைக்கரையில் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. கல்லின் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் எலும்பு. அமலோற்பவம் கருத்தரங்கு ஒன்றுக்காகத் திருச்சி போயிருந்தார். சாவி சிகாமணியிடம் இருந்தது. ஒருநாள் காத்திருந்திருக்கலாம். வயதானவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று சொல்கிறவர்கள் அறுபத்திரண்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

விளக்கைப் போட்டார். எலும்பைச் சுற்றி மெல்லிசாக, நீல வெள்ளையில், நூற்றுக்கணக்கில் இழைகள் மின்னின. சில நேராக, சில சுருண்டு. சிகாமணி போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். “அழகா, எலும்புல இறகு இருக்குடா.”

வழக்கமாக மகனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அதுவும் மூன்று நாள் கழித்து வரும். அன்றைக்குப் பத்தாவது நிமிஷம் போனே வந்தது.

“அப்பா, நிஜமாவாப்பா? இங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். இத்தனை பழைய எலும்புல இறகுன்னா பேப்பர்லயெல்லாம் வரும்ப்பா! நான் வர்றேன். லீவு கேட்டுட்டேன். உங்க மேடம் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே டிக்கெட் போட்டுடறேன்.”

அம்மாவின் காரியத்துக்கு வந்தவன் மூன்றாம் நாளே கிளம்பியிருந்தான். அதற்குப் பிறகு வரவில்லை. சிகாமணி கடைக்குப் போய் அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்தார். மாடி அறையைக் கூட்டினார். மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டார். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அமலோற்பவம் வந்தார். கதையை முழுக்கக் கேட்டார். கறுப்பு அங்கியை மாட்டினார். இருவரும் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு இருட்டறைக்குள் போனார்கள். விளக்கைப் போட்டார்.

இழைகள் மின்னின.

“பாருங்க மேடம்,” என்றார் சிகாமணி.

அமலோற்பவம் குனிந்து இழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கல்லை எதால துடைச்சீங்க?”

“பழைய வேட்டி. சுத்தமானதுதான், நானே துவைச்சது.”

“ஆணியில இன்னொரு கறுப்பு அங்கி தொங்குதே, நேத்து அதை மாட்டுனீங்களா?”

“அவசரத்துல விட்டுட்டேன்.”

அவர் விளக்கைக் கல்லிலிருந்து தூக்கிச் சிகாமணியின் பக்கம் திருப்பினார்.

சிகாமணி குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்து கால்வரை வேட்டி நீல வெள்ளையில் தகதகத்தது. சட்டையும் அப்படியே. எதிரே கறுப்பு அங்கிக்குள் இருந்த குருவைக் காணவே காணோம். அந்த அறையில் பளிச்சென்று தெரிந்தது இவர் ஒருவர்தான்.

வெள்ளைத் துணி இன்னும் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சலவைத்தூளில் ஏதோ கலக்கிறார்கள். அந்த விளக்கு பட்டால் அது மின்னும். அமலோற்பவம் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. செங்கமலம் இருந்தவரை ஒரு வாளித் துணிக்கு ஒரு கரண்டித் தூள்தான். சிகாமணிக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. கையால் அள்ளி அள்ளிப் போடுவார், அலசுவதிலும் சோம்பல்.

“அப்ப இது...”

அமலோற்பவம் இடுக்கியால் ஓர் இழையைப் பிடித்தார். அது தானாகக் கழன்று வந்தது. கல்லில் தடம்கூட இல்லை.

“எல்லாமேவா மேடம்? ஒண்ணு ரெண்டாவது இறகா இருக்காதா?”

அவர் தூரிகையை எடுத்துச் சிகாமணியின் கையில் வைத்தார்.

சிகாமணி தேய்த்தார். தொட்டதெல்லாம் வந்தது. வர வர மெதுவாகத் தேய்த்தார். நாலைந்து இழைகள் மிச்சம் இருக்கும்போது கை நின்றுவிட்டது. இதுவும் போனால் மகன் வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

“மேடம், ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க ஐயா.”

“இதை ஒரு வாரம் கழிச்சுக் கண்டுபிடிக்கக் கூடாதா? அவன் வந்துட்டுப் போகட்டுமே.”

அமலோற்பவத்துக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் இத்தனை நாளில் அவரிடம் ஒரு டம்ளர் டீகூடக் கேட்டதில்லை.

“உங்க மகன் வந்து இந்த ஸ்டூல்ல உட்காருவாரு. ‘காட்டுங்கப்பா’ன்னு கேப்பாரு. அப்ப விளக்கை யாரு போடுறது? நீங்களா, நானா?”

சிகாமணி மிச்சத்தையும் தேய்த்து எடுத்தார்.

பிறகு வெளியே போய் வெயிலில் நின்று போன் போட்டார்.

“அழகா, அது இறகு இல்லடா. என் வேட்டி நூலு.”

“நூலா? ஐயோ, எல்லாருக்கும் காட்டிட்டேனேப்பா.”

“ஆமாண்டா. தப்புப் பண்ணிட்டேன்.”

“சரி விடுங்க. நல்லவேளை, இன்னும் டிக்கெட் போடல. இங்க வேலை வேற தலைக்கு மேல கிடக்கு. உடம்பைப் பாத்துக்கங்கப்பா.”

‘சாப்பிட்டியா’ என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. இறகுக்காக வருகிறேன் என்றான். இறகு இல்லை, வரவில்லை. சொன்ன சொல்லில் மாறவில்லை.

சிகாமணி உள்ளே வந்து சாவியை மேஜைமேல் வைத்தார்.

“எனக்கு இது வராது மேடம். உடைக்கத்தான் தெரியும். பாக்கத் தெரியல.”

அமலோற்பவம் சாவியைத் தொடவில்லை.

“எலும்பைப் பாத்தீங்களா?”

“பாத்தேனே.”

“நூலைப் பாத்தீங்க. நானும் வந்ததும் வராததுமா விளக்கைப் போட்டு நூலைத்தான் பாத்தேன். எலும்பை இன்னும் யாருமே பாக்கல.”

“அதுல ஒண்ணும் தெரியலையே மேடம்.”

“ரொம்ப மங்கலாத்தான் தெரியும். வெயில்லேருந்து வந்த கண்ணுக்குச் சிக்காது. விளக்கைப் போடுறதுக்கு முந்தி பதினஞ்சு நிமிஷம் இருட்டுல சும்மா உட்காரணும்னு சொன்னேனே. நேத்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?”

சிகாமணி சாவியை மேஜைமேல் நகர்த்தினார்.

“ஐயா?”

“உட்காரல மேடம். நீங்க இல்லாத நாள்ல என்னிக்குமே உட்கார்ந்ததில்ல. நேரா விளக்கைப் போட்டுடுவேன்.”

“ஏன்?”

“இருட்டுல சும்மா உட்கார்ந்தா செங்கமலம் வந்துடறா. வீட்டுலன்னா டிவியைப் போட்டு ஓட்டிடுவேன். இங்க என்ன இருக்கு? அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது மேடம்.”

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்க வேட்டி நுனியைத் தூக்கியவர், என்ன நினைத்தாரோ, கையைத் தாழ்த்திக்கொண்டார்.

அமலோற்பவம் ஆணியிலிருந்த அங்கியை எடுத்துக் கொடுத்தார். சிகாமணிக்கு அது குட்டையாக இருந்தது. கீழே ஒரு முழம் வேட்டி தெரிந்தது. அதை மடித்துக் கட்டி அங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

இருவரும் இருட்டறைக்குள் போனார்கள். கல்லை நடுவில் வைத்து, ஆளுக்கொரு ஸ்டூலை எதிரெதிரே போட்டார்கள். அமலோற்பவம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். விளக்கைப் போடவில்லை.

ஒன்றுமே தெரியவில்லை. சுரங்கத்தில் லாரி மேடு ஏறுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சிகாமணியின் மூச்சு மாறியது.

“மேடம், அவ வந்துட்டா.”

“வரட்டும் ஐயா. பதினஞ்சு நிமிஷம் இருக்கு.”