தேங்காய் தாங்காத கூடை

அந்தச் செவ்வாய்ச் சந்தையில் ஒயர் கூடை விற்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் கண்முன்னே கூடை நிறையத் தேங்காயைப் போட்டு, பின்னியவளே அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். எதிர்க்கடைத் தேங்காய்க்காரர் இதற்கென்றே முகம் சுளிக்காமல் காய் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார். தூக்கிக் காட்டாத கூடையை அங்கே நாய்கூடச் சீந்தாது.

கனகவல்லிக்கு வயசு அறுபது. கூடை பின்னக் கற்றுக்கொண்டதே புருஷன் போன பிறகுதான். கற்றுக்கொடுத்த செங்கமலம் அவளைவிட ரொம்பச் சின்னவள். இருந்தாலும் குரு குருதானே. இவள் ‘டீச்சரம்மா’ என்பாள், அவள் ‘அக்கா’ என்பாள். செங்கமலத்திடம் கற்ற பெண்கள் எல்லாரும் சந்தையில் ஒரே வரிசையில் கடை போடுவார்கள். செங்கமலம் வரிசை என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது.

போன ஆடியிலிருந்து கனகவல்லிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. டாக்டர் வாதம் என்றார், மாத்திரை கொடுத்தார். போட்டால் ஏதோ தேவலை. போடாவிட்டால் சோற்றைப் பிசையும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதற்காக அவள் ஓய்ந்து உட்காரவில்லை. காலையில் வெந்நீரில் கையை ஊறவைப்பாள். விரல் கொஞ்சம் இளகியதும் ஒயரை எடுத்துவிடுவாள். விரல் இறுக்காத முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பாள். ஒரு முடிச்சுகூட நெகிழாது.

அதெல்லாம் வீட்டுக்குள்ளே. சந்தைக்கு வந்தால் கை முந்தானைக்குள் போய்விடும். தூக்கிக் காட்டும் நேரத்தில் பக்கத்துக் கடை பானுவைக் கூப்பிடுவாள்.

“இடுப்பு புடிச்சிக்கிச்சு பானு. எனக்காகக் கொஞ்சம் தூக்கிக் காட்டு.”

பானுவும் தூக்கிக் காட்டுவாள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குத்தான் சோற்றில் மறைப்பது?

ஒரு வாரம் பானு டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ராமாத்தா வந்து நின்றாள். வெங்காயம் விற்கச் சந்தைக்கு வருகிறவள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது, குரலும் எட்டூருக்குக் கேட்கும்.

“தூக்கிக் காட்டுங்கக்கா.”

கனகவல்லி தேங்காய் நிரப்பிய கூடையின் கைப்பிடியைப் பிடித்தாள். விரல் மடங்கவில்லை. கூடை தரையைவிட்டு எழும்பும் முன்பே பிடி நழுவியது. தேங்காய்கள் உருண்டு ஓடின. அவள் சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என்னக்கா, கூடை தாங்காதா?”

‘கை வலிக்குது தாயி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. எங்கே? நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டான்.

“ஆமா கண்ணு. இது பூ, வெத்தலைக்குத்தான். தேங்கா எல்லாம் தாங்காது.”

ராமாத்தா சும்மா போவாளா? “செங்கமலம் வரிசைக் கூடை தேங்கா தாங்காதாம். பின்னுனவங்களே சொல்றாங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரிசையில் ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. பானு வலியக் கூப்பிட்டுத் தூக்கிக் காட்டினாள். நின்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

“இன்னிக்கு என்னக்கா ஆச்சு எல்லாருக்கும்?” என்றாள் பானு.

கனகவல்லி முந்தானையை இன்னும் இழுத்துக் கையைச் சுற்றிக்கொண்டாள். இந்த வரும்படியை நம்பித்தான் பானு வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவளுக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் செங்கமலம் வந்தாள். சேதி அவள் காதுக்கும் போயிருந்தது. கனகவல்லி விரித்திருந்த சாக்கில் ஓரமாக உட்கார்ந்தாள்.

கனகவல்லி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் தலை குனிந்துகொண்டாள்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா.”

“கேளுங்கக்கா.”

“கை போனவ இனிமே சந்தையில உக்காரலாமா?”

செங்கமலம் எழுந்தாள். கனகவல்லி பின்னிய கூடை ஒன்றை எடுத்தாள். எதிர்க்கடையிலிருந்து தேங்காய் வாங்கி விளிம்பு வரை நிரப்பினாள். கொட்டகைக் கம்பத்தின் கொக்கியில் கூடையை மாட்டிவிட்டு வந்து, பழையபடி உட்கார்ந்தாள். கூடை அசையாமல் தொங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தாங்குதாக்கா?”

“தாங்குது.”

“தாங்கும்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம என்ன? ஒவ்வொரு முடிச்சும் பல்லால கடிச்சு இறுக்குனது.”

“அப்புறம் ஏன் தாங்காதுன்னீங்க?”

கனகவல்லி தன் விரல்களைப் பார்த்தாள்.

“என் கை இப்படி ஆயிருச்சுன்னு தெரிஞ்சிருமேன்னு.”

செங்கமலம் தலையாட்டினாள். பஸ் நிற்கும் புளியமரத்துப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ராமாத்தா காலிச் சாக்குகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“பஸ் இன்னும் வரல. போய்ப் பாத்துட்டு வாங்க.”

“அவளையா? வேற யாரையாவது பாக்கறேன் டீச்சரம்மா. அவ ஊரெல்லாம் சொல்லிருவா.”

“சொல்லட்டும்னுதானேக்கா அவகிட்ட அனுப்பறேன்.”

கனகவல்லி முழங்காலை ஊன்றி மெல்ல எழுந்தாள். கம்பத்துப் பக்கம் போய், கொக்கியில் தொங்கிய கூடையை இரண்டு கையாலும் அணைத்து இறக்கப் பார்த்தாள்.

“எதுக்குக்கா அது?”

“அவகிட்டக் காட்டணுமில்ல.”

“கூடை இங்கயே இருக்கட்டும். அது ஒரு தப்பும் பண்ணல. நீங்க கையைக் காட்டிட்டு வாங்க.”