நொண்டிய உப்புக்கொத்தி

"இந்தப் பறவை பிழைச்சிருக்குமா டீச்சர்?"

தணிகாசலம் செல்போனை நீட்டினார்.

திரையில் ஓர் உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. வெடித்த சேற்றில் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு, அலகைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரெஜினா டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவருக்கு முப்பத்தாறு வயது. கடலோரப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துபவர். தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு கிடந்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு காமெரா வாங்கியவர். உப்பளத்துக்கு அப்பால் கிடக்கும் அந்தச் சேற்றுவெளியின் பறவைகளை டீச்சர் அளவுக்கு அறிந்தவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் வயதைப் பார்க்காமல் அவரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க சார்?"

"ஞாயித்துக்கிழமை பன்னிரண்டரைக்கு. நல்ல உச்சி வெயில்."

"எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிஷம். பாவம், சிறகு ஒடிஞ்சிருக்கு. நொண்டி நொண்டிப் போச்சு, நானும் பின்னாலயே போனேன். நான் நின்னா அதுவும் நின்னுச்சு. கடைசியில எங்கே போச்சுன்னே தெரியலை."

டீச்சர் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"வாட்ஸ்அப்ல போட்டேன், எல்லாரும் பாராட்டுறாங்க. என் மருமகன்கூட போன் பண்ணினார் டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல அவர் எனக்குப் பண்ணின முதல் போன்."

டீச்சர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில வாங்க. காமெரா வேண்டாம்."

*

வரப்பின் மேல் உட்கார்ந்தார்கள். டீச்சர் பைனாகுலரைக் கொடுத்துக் கை காட்டினார்.

இருநூறு அடிக்கு அப்பால், வெறும் சேற்றில், அந்த உப்புக்கொத்தி உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடியது. இரண்டு சிறகும் நன்றாகவே இருந்தன. அது உட்கார்ந்திருந்த குழியில் சேற்று நிறத்தில் மூன்று முட்டைகள்.

"அட, பிழைச்சுக்கிச்சே! சிறகு சரியாயிடுச்சா?"

"சிறகுக்கு ஒண்ணும் ஆகலை."

"அப்போ அன்னைக்கு?"

"உங்களைக் கூட்டிட்டுப் போச்சு."

"எங்கே?"

"முட்டையை விட்டுத் தூரமா."

தணிகாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார். "என்னையே ஏமாத்திடுச்சே! மூளை எவ்வளவு இருக்கும் அதுக்கு? ஒரு கடலை அளவு இருக்குமா?"

டீச்சர் சிரிக்கவில்லை.

"குஞ்சு பொரிக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. தினமும் வாங்க."

*

கோடை விடுமுறை. டீச்சரும் தினமும் வந்தார். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் உப்புக்கொத்தி குட்டைத் தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டது.

"குளிக்குதா டீச்சர்?"

"முட்டைக்குத் தண்ணி கொண்டுபோகுது. சூடு தணிக்க."

நனைந்த வயிற்றோடு அது ஓடிப்போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. வெயில் ஏற ஏற இப்படிப் பல தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓட்டம்தான். நடந்து போனதே இல்லை.

தணிகாசலம் வீட்டில் அதைப் பற்றியே பேசினார். காலண்டரில் நாளைக் கிழித்தார். குஞ்சுகள் எப்படி இருக்கும் என்று டீச்சரைக் கேட்டார். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும் என்றார் டீச்சர்.

பதினெட்டாம் நாள் வந்தது.

இருபதாம் நாளும் போயிற்று.

இருபத்தாறாம் நாள் தணிகாசலம் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏன் டீச்சர் இன்னும் பொரிக்கலை?"

"கொஞ்சம் இருங்க. பன்னிரண்டரை ஆகட்டும்."

பன்னிரண்டரை ஆனது. உப்புப் பூத்த சேறு கண்ணைக் கூசவைத்தது.

"செருப்பைக் கழட்டிட்டு வரப்பை விட்டுக் கீழே இறங்குங்க சார்."

இறங்கினார். ஒரு காலைத் தூக்கினார். அதை ஊன்றி மற்றதைத் தூக்கினார்.

"சுடுது டீச்சர்."

"நில்லுங்க."

"முடியலை டீச்சர்!" தாவி வரப்பில் ஏறி, உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை நிமிஷம் ஆகலை" என்றார்.

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சேற்றைப் பார்த்தார். காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

தூரத்தில் உப்புக்கொத்தி எழுந்தது. தண்ணீருக்கு ஓடியது. வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து உட்கார்ந்தது.

*

தணிகாசலம் உப்புக்கொத்தியைக் கை காட்டினார்.

"முட்டை வெந்துபோனது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எவ்வளவு நாள் இப்படியே உட்காரும்?"

"சொல்ல முடியாது. ஒரு நாள் எழுந்து போயிடும்."

"நான் போய் அந்த முட்டைகளை எடுத்துடறேன் டீச்சர். வெறும் குழியைப் பார்த்தாவது அது போகட்டும். இந்த வெயில்ல அதுவும் ஏன் வேகணும்?"

எழுந்தேவிட்டார். நாலு அடி நடந்தார். செருப்பு வரப்பிலேயே கிடந்தது.

"நீங்க கிட்டப் போனா அது என்ன செய்யும் சார்?"

தணிகாசலம் நின்றார்.

அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்தபோது பாதங்கள் சிவந்து கன்றியிருந்தன. டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் காலில் ஊற்றினார். அவர் தடுக்கவில்லை.

செல்போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். அலகு திறந்திருந்தது. வெயிலுக்குத் திறந்திருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"படத்தைப் பார்த்த அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"முட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. நாற்பது நிமிஷம்னு சொன்னதை வச்சு எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

டீச்சர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"இதே மாதிரி நான் எடுத்த படத்துக்கு ஒரு மணி நேரம் ஆச்சு சார்."